பதினாறும் பதினேழும்

பதினாறு வயது நிரம்பிய மாணவன் ஒருவன் மலேசியாவில் எவற்றையெல்லாம் செய்ய இயலாது என்று எண்ணிப் பார்ப்போமாயின், அப்பட்டியல் நீண்டதாகவே இருக்கும். அவன் வாக்களிக்க இயலாது. வாக்குரிமை வயதை 21இலிருந்து குறைத்த அரசியலமைப்புத் திருத்தம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பின்னரும், அதற்கு அவன் 18 வயதை எட்டியாக வேண்டும். 1971ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டமும் 18 வயது வரையில் அவனைச் சிறுவன் என்றே கொள்கிறது. ஆயினும், அதே சிறுவன் உரிய பயிற்சியையும் தேர்வையும் முடித்துவிட்டால், மோட்டார் சைக்கிளைப் பொதுச்சாலையில் செலுத்தும் உரிமத்தைப் பெற்றுவிடுகிறான். இன்னும் ஓராண்டு கழிந்தால் காரையும் ஓட்டலாம். நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு 18இல் வருகிறது. தன்னுயிரையும் பிறருயிரையும் ஒரு கைப்பிடிக்குள் வைத்துக்கொள்ளும் பொறுப்போ 16இலேயே வந்துவிடுகிறது.

இந்தப் பதினாறும் பதினேழும் எங்கிருந்து வந்தன? யார் இவற்றை வகுத்தனர்? எதைக் கண்டு வகுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் செல்வோர் கோலாலம்பூரில் நின்றுவிட இயலாது. கடல் கடந்து, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அவ்வரலாறு நாள்தோறும் வகுப்பறையில் இளையோரைச் சந்திக்கும் நமக்கு மிகவும் வேண்டப்படுவதாகும்.

வலவனும் சைசும்

தேரைச் செலுத்துபவனுக்குப் பழந்தமிழில் வலவன் என்று பெயர். அச்சொல்லுக்கு வல்லமை உடையவன் என்னும் பொருளும் உண்டு. தொழிலின் பெயரிலேயே தகுதியும் அடங்கியிருந்தது. வல்லவன் எவனோ அவனே வலவன். குதிரைகளோடு பழகி, அவற்றின் வெருட்சியையும் களைப்பையும் அறிந்து, மூத்தோன் ஒருவனின் கண்காணிப்பில் நெடுநாள் கைபழகிய பின்னரே ஒருவனிடம் கடிவாளம் கொடுக்கப்பட்டது. அந்தப் பழக்கமே அவனுக்குரிய உரிமமாயிற்று.

ஆங்கிலேயர் காலத்து மலாயாவில் குதிரையைப் பேணி வண்டியோட்டிய பணியாளைச் சைஸ் என்று அழைத்தனர். கார் வந்தபோது, அதனை ஓட்டியவனுக்கும் அப்பெயரே நிலைத்தது. பெயர் மாறவில்லை, ஆனால் தொழில் மாறிவிட்டது. குதிரைக்கு அச்சம் உண்டு. எதிரே பள்ளம் இருந்தால், ஓட்டுபவன் கண்ணயர்ந்தாலும் குதிரை நின்றுவிடும். இயந்திரத்திற்கு அச்சம் இல்லை. ஓட்டுபவனின் அறிவே அதன் அறிவு. இவ்வேறுபாட்டை உலகம் உணர்ந்துகொள்வதற்குள் பல்லாயிரம் உயிர்கள் சாலைகளில் மடிந்துவிட்டன.

முதல் நெடும்பயணமும் முதல் உரிமங்களும்

1888ஆம் ஆண்டு, தாம் உருவாக்கிய இயந்திர வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கு எழுத்து வடிவிலான இசைவை ஜெர்மனியின் பாடன் அரசிடமிருந்து கார்ல் பென்ஸ் பெற்றார். வண்டியின் ஓசையும் புகையும் மக்களை வருத்தியமையால் இவ்விசைவு தேவைப்பட்டது. வண்டி ஓட்டும் திறனை யாரும் அப்போது சோதிக்கவில்லை. அதனைச் சோதித்தறியத்தக்க வேறொருவர் இருக்கவுமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு திங்களில், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியில் புறப்பட்டார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு கொண்ட அப்பயணத்தில் அவருடன் சென்றோர் அவருடைய இரு மைந்தர்கள். மூத்தவனுக்கு 15 வயது, இளையவனுக்கு 13 வயது. வழியில் மருந்துக்கடை ஒன்றில் எரிபொருள் வாங்கினர். வண்டி ஏறமாட்டாத மேடுகளில் இறங்கித் தள்ளினர். உலகின் முதல் நெடுந்தொலைவுக் கார்ப் பயணத்திலேயே பதின்ம வயதினர் இருவர் பங்கு கொண்டனர் என்பது எண்ணத்தக்கது. புதிய இயந்திரத்தின்பால் இளைஞர் கொள்ளும் ஈர்ப்பு, அவ்வியந்திரம் பிறந்த நாளிலேயே தானும் பிறந்துவிட்டது.

ஓட்டுபவரின் தகுதியை அறிய முதலில் முற்பட்ட நகரங்களுள் பாரிஸ் குறிப்பிடத்தக்கது. 1893ஆம் ஆண்டு அந்நகரக் காவல்துறை பிறப்பித்த ஆணை, இயந்திர வண்டி ஓட்டுவோர் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்று விதித்தது. 1899இல் அவ்விதி பிரான்ஸ் நாடு முழுமைக்கும் விரிந்தது. ஆனால், மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர். ஆங்கிலேயரின் வழி வேறாக இருந்தது.

'நீ யார்?' என்று மட்டும் கேட்ட சட்டம்

பிரிட்டனின் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார்ச் சட்டம், 1904 ஜனவரி முதல் நாள் தொட்டு ஒவ்வோர் ஓட்டுநரும் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்று பணித்தது. கட்டணம் 5 ஷில்லிங். உள்ளாட்சி மன்ற அலுவலகத்தில் பணத்தைக் கட்டியவருக்கு உரிமம் கிடைத்தது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை.

இன்று நமக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் அச்சட்டத்தின் நோக்கத்தை அறிந்தால் வியப்பு நீங்கும். அதே சட்டந்தான் வண்டிகளுக்குப் பதிவெண் பலகையையும் கட்டாயமாக்கியது. விரைந்து சென்று மறைந்துவிடும் புதிய வண்டியைப் பின்னர் இன்னாருடையது என்று அடையாளம் காண வேண்டும். தவறிழைத்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வண்டிக்கு எண் பலகை எத்தகையதோ, மனிதனுக்கு உரிமம் அத்தகையது. 'நீ யார்?' என்பதே சட்டம் கேட்ட வினா, 'உனக்கு இயலுமா?' என்பது அன்று.

வயதைப் பற்றி மட்டும் அச்சட்டம் ஒரு வரம்பு கட்டியது. காருக்கு 17; மோட்டார் சைக்கிளுக்கு 14. நாம் தேடி வந்த எண்களில் ஒன்று இங்கே தோன்றிவிட்டது. ஓட்டுநரின் வயதையும் விபத்தையும் ஒப்பிட்டு ஆராயும் ஆய்வு எதுவும் இல்லாத காலம் அது. சாலையில் குதிரை வண்டிகள் மிகுந்திருந்தன. காருக்கு மணிக்கு 20 மைல் என்னும் வேகவரம்பும் இருந்தது. அக்காலத்து மனிதர்கள் அக்காலத்துச் சாலைக்கென்று வகுத்த எண் 17.

'உனக்கு இயலுமா?' என்னும் இரண்டாம் வினா

முப்பது ஆண்டுகள் சென்றன. 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்குரிய வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. காருக்குரிய 17 அப்படியே நின்றது. கனரக வாகனங்களுக்கு 21 என்று வகுக்கப்பட்டது. 16, 17, 21 என்னும் இம்மூன்று எண்களையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். மீண்டும் இவற்றைச் சந்திக்க இருக்கிறோம்.

அதே சட்டம் கார்களுக்கு இருந்த 20 மைல் வேகவரம்பை நீக்கிவிட்டது. மறு ஆண்டில் சாலை நெறிமுறை நூல் ஒன்று ஒரு பென்னி விலையில் வெளிவந்தது. ஆயினும் வண்டிகள் பெருகின, சாவுகளும் பெருகின. 1934ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். அப்போது அங்கிருந்த வண்டிகள் ஏறத்தாழ 24 இலட்சமே. இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் அவ்வெண்ணிக்கை மிகச் சிறிது. சாவோ மிகப் பெரிது.

அவ்வாண்டில் போக்குவரத்து அமைச்சராகப் பொறுப்பேற்ற லெஸ்லி ஹோர் பெலிஷா, இதனைத் தடுக்க முனைந்தார். பாதசாரிகள் கடக்கும் இடங்களில் மஞ்சள் உருண்டை விளக்குகளை நிறுவினார். இன்றும் அவ்விளக்குகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. சிங்கப்பூரின் வரிக்குதிரைக் கடப்புகளில் அவற்றை நாம் காணலாம். அவர் காலத்தில் நிகழ்ந்த மற்றொரு மாற்றம் ஓட்டுநர் தேர்வு. 1935 மார்ச்சு 13ஆம் நாள் விரும்பியோருக்கான தேர்வாக அது தொடங்கியது. ஜூன் முதல் நாள் கட்டாயமாயிற்று. தேர்வுக் கட்டணம் ஏழரை ஷில்லிங். தேர்வுக்கென்று தனி நிலையங்கள் அப்போது இல்லாமையால், அஞ்சலகம், புகைவண்டி நிலையம், நகர மண்டபம் ஆகியவற்றின் வாயிலில் தேர்வாளரும் தேர்வு எழுத வந்தவர் போன்று நடுக்கத்தோடு நிற்கும் ஓட்டுநரும் சந்தித்துக் கொண்டனர். கற்றுக்கொண்டிருப்பவர் வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' என்னும் எழுத்தைத் தாங்க வேண்டும் என்னும் விதியும் அவ்வாண்டில் வந்ததேயாகும்.

முதலாண்டில் ஏறத்தாழ 2,46,000 பேர் தேர்வுக்கு முன்வந்தனர். அவர்களுள் 63 விழுக்காட்டினர் தேறினர். இதனைத் திருப்பிச் சொன்னால் உண்மை விளங்கும்: நூற்றுக்கு 37 பேர் தேறவில்லை. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளாக அத்தகையோர் அனைவரும் 5 ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டுத் தடையின்றிச் சாலைக்குச் சென்றிருப்பார்கள்! 1935இல் சாலைச் சாவுகள் 6,502ஆகக் குறைந்தன. ஊர்ப்பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்னும் புதிய வேகவரம்பும் அவ்வாண்டிலேயே வந்தமையால், முழுப் பெருமையையும் தேர்வுக்கே சூட்டுதல் முறையாகாது. எனினும், உரிமம் என்னும் சொல்லின் பொருள் அவ்வாண்டில் மாறிவிட்டது. 'நீ யார்?' என்னும் வினாவோடு, 'உனக்கு இயலுமா?' என்னும் வினாவும் சேர்ந்துகொண்டது.

ஆனால், 1934 ஏப்ரல் முதல் நாளுக்கு முன்னரே வண்டியோட்டத் தொடங்கியவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சோதனை இளையோருக்கே, மூத்தோருக்கு இல்லை. தேர்வெழுதாத தந்தை, தேர்வில் தவறிய மகனைக் கண்டிக்கும் காட்சி பல வீடுகளில் நிகழ்ந்திருக்கும்.

நம் மண்ணில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1896ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கட்ஸ் சகோதரர்கள் நிறுவனம் முதற் காரை இறக்குமதி செய்தது. சார்ல்ஸ் பக்லி என்பார் ஓட்டிய பென்ஸ் கார் எழுப்பிய ஓசையால் அதற்குக் 'காப்பி இயந்திரம்' என்னும் செல்லப்பெயர் வாய்த்தது. சிங்கப்பூரில் முதன்முதலாகக் கார் ஓட்டிய பெண்மணி டேர் என்னும் அம்மையார். எஸ்-1 என்னும் பதிவெண் அவருடைய காருக்கே உரியது. அவர் தம்மிடம் பணிபுரிந்த ஹசான் பின் முகமதுவுக்கும் ஓட்டக் கற்பித்தார். சிங்கப்பூரில் ஓட்டுநர் உரிமம் பெற்ற முதல் மலாய்க்காரர் அவரே என்பது வரலாறு. பள்ளியோ பயிற்சி நிலையமோ இல்லாத அந்நாளில், ஒருவர் அறிந்ததை அருகிருந்து மற்றொருவர் கற்பதே முறையாக இருந்தது. பழைய வலவனின் வழியும் அதுதானே!

கார்கள் ஓடிய சாலைகளை அமைத்தோருள் நம் முன்னோர் பெரும்பங்கினர். பொதுப்பணித் துறையின் கூலிகளாகக் கல்லுடைத்து, தார் ஊற்றி, மழையிலும் வெயிலிலும் மலாயாவின் சாலைகளை நீட்டியோர் தமிழர்கள். அச்சாலையில் அவர்கள் நடந்தார்கள். பிறர் காரில் சென்றார்கள். ஆதலால், தோட்டப்புறத்துத் தமிழிளைஞன் ஒருவனுக்கு ஓட்டுநர் உரிமம் என்பது வெறுங்காகிதமன்று. பால்வெட்டும் கத்தியையும் வாளியையும் கீழே வைத்துவிட்டு, லோரியிலோ பேருந்திலோ வாடகைக் காரிலோ ஏறி வேறொரு வாழ்வைத் தேட உதவிய முதற் படி அது. எழுத்துக் கல்வி குறைந்த குடும்பத்தில் அரசாங்க முத்திரையோடு கிடைத்த முதற் சான்றிதழ் தந்தையின் ஓட்டுநர் உரிமமாக இருந்த வீடுகள் பலவுண்டு. உரிமத்தைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று என்பதைச் சொல்லவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946ஆம் ஆண்டு ஏப்ரலில், இன்றைய சாலைப் போக்குவரத்துத் துறையின் தொடக்கமான அலுவலகம் மலாயாவில் அமைந்தது. விடுதலைக்கு மறு ஆண்டில், 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. அதனை அகற்றிவிட்டு, 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1988 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் நம்மை ஆள்வது இச்சட்டமே. பதினாறு வயதிற்குட்பட்டோர் எந்த மோட்டார் வாகனத்தையும் சாலையில் ஓட்டலாகாது. பதினேழு வயதிற்குட்பட்டோர் மோட்டார் சைக்கிளைத் தவிர்த்த வாகனங்களை ஓட்டலாகாது. கனரக வாகனங்களுக்கும் பொதுச் சேவை வாகனங்களுக்கும் 21 வயது வேண்டும் என்று அது விதிக்கிறது.

16, 17, 21! இலண்டனில் 1930ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அதே எண்கள். கொடி மாறியது, ஆட்சி மாறியது, சட்டத்தின் பெயரும் ஆண்டும் மாறின, எண்கள் மாறவில்லை. பிரிட்டனோ 1971ஆம் ஆண்டின் இறுதியில், பதினாறு வயதினருக்குச் சிறு விசை மொபெட்டுகளை மட்டும் விட்டுவைத்து, மோட்டார் சைக்கிளுக்குரிய வயதைப் பதினேழாக உயர்த்திவிட்டது. ஒரே மரபிலிருந்து கிளைத்த சிங்கப்பூரில் இன்று மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் வயது 18. ஆகவே, பதினாறும் பதினேழும் இயற்கை வகுத்த எல்லைகளல்ல, மனிதர் வகுத்தவை, மனிதரால் மாற்றப்பட்டும் வந்தவை.

பயிற்சி போதுமா?

வயதும் தேர்வும் போதாவெனில், பள்ளியிலேயே ஓட்டுநர் பயிற்சி அளித்தால் என்ன? ஆசிரியர்களாகிய நமக்கு இயல்பாகவே தோன்றும் இவ்வெண்ணத்தை அமெரிக்கர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே செயற்படுத்திப் பார்த்தனர்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், மிசூரி ஆகிய மாநிலங்கள் 1903இல் உரிமம் வழங்கத் தொடங்கின. தேர்வை முதலில் கொணர்ந்தது 1908இல் ரோட் ஐலண்டு. தெற்கு டக்கோட்டா மாநிலமோ 1959ஆம் ஆண்டில்தான் தேர்வைக் கட்டாயமாக்கியது. பண்ணை வேலைக்குப் பிள்ளைகளின் உதவி தேவைப்பட்ட மாநிலங்கள் சிலவற்றில் 14 வயதிலேயே கற்றோட்ட இசைவு கிடைத்தது. இந்நிலையில், பென்சில்வேனியாக் கல்லூரிப் பேராசிரியர் அமோஸ் நெய்ஹார்ட் 1934ஆம் ஆண்டில் ஸ்டேட் காலேஜ் நகர உயர்நிலைப் பள்ளியில், தம் சொந்தக் காரைக்கொண்டு மாணவர்களுக்கு ஓட்டுநர் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பின்னர் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் கணிதமும் வரலாறும் போல ஓட்டுநர் கல்வியும் ஒரு பாடமாயிற்று.

இப்பாடம் உயிர்களைக் காத்ததா என்பதை அறிய, 1970களின் பிற்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் வட்டாரத்தில் ஏறத்தாழ 16,000 மாணவர்களைக் கொண்டு பெரும் ஆய்வொன்று தொடங்கப்பெற்றது. சிலருக்கு முழுப் பயிற்சியும், சிலருக்குச் சுருங்கிய பயிற்சியும் அளிக்கப்பட்டன. மற்றவர்க்குப் பள்ளிப் பயிற்சியே இல்லை. ஆசிரியர் உலகம் எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை. பயிற்சி பெற்றோரின் விபத்துகள் நிலையாகக் குறைந்துவிட்டன என்று காட்ட இயலவில்லை. பயிற்சி பெற்ற மாணவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே உரிமம் பெற்றுச் சாலைக்கு வந்துவிட்டனர் என்பதும் தெரிந்தது. திறன் வளர்ந்தது; அதனால் சாலையில் இருக்கும் காலமும் வளர்ந்தது; ஆபத்தும் உடன் வளர்ந்தது.

இம்முடிவு கல்வியின் தோல்வியன்று. கற்பித்தலுக்கும் பக்குவத்திற்கும் இடையேயுள்ள தொலைவை அது அளந்து காட்டியது. கைகளும் கண்களும் சில வாரங்களில் பழகிவிடும். வர இருக்கும் ஆபத்தை முன்னறிந்து வேகத்தைக் குறைக்கும் மனமோ, நெடுநாள் பட்டறிவால் விளைவது. தேர்வு நாளில் அருகே தேர்வாளர் அமர்ந்திருக்கையில் ஓட்டுபவன் ஒருவன். இரவு பன்னிரண்டு மணிக்கு நான்கு நண்பர்கள் கூச்சலிட்டு ஊக்க ஓட்டுபவன் வேறொருவன். உடல் ஒன்றே, ஆள் ஒருவனல்லன்.

'காத்திருப்பாயா?' என்னும் மூன்றாம் வினா

இவ்வுண்மையைச் சட்டமாக்கிய முதல் நாடு நியூசிலாந்து. 1987ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நாடு படிநிலை உரிம முறையை நடைமுறைப்படுத்தியது. முதற் படியில் மூத்த ஓட்டுநரின் துணையோடு மட்டுமே ஓட்டலாம். இரண்டாம் படியில் தனியே ஓட்டலாம்; ஆனால் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை தனியே ஓட்டலாகாது; மேற்பார்வையாளர் இன்றி நண்பர்களை ஏற்றிச் செல்லவும் ஆகாது. இவ்விரு படிகளையும் கடந்தவர்க்கே முழு உரிமம். அந்நாட்டில் தொடக்க வயது அப்போது 15ஆக இருந்தது. 2011இல் அதுவும் 16ஆக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் 1996இல் ஃப்ளோரிடா இவ்வழியை மேற்கொண்டது. பின்னர் ஏனைய மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றின.

இம்முறையின் நுட்பம் கருதத்தக்கது. தடை செய்யப்பட்டவை இரண்டே: இருளும் கூட்டமும். இளைஞர் அறிவில்லாதவர் என்று இச்சட்டம் சொல்லவில்லை. அறிவு தடுமாறும் சூழ்நிலைகளிலிருந்து அவர்களைச் சிறிது காலம் விலக்கி வைக்கிறது, அவ்வளவே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இக்கருத்தின் சாயல் உண்டு. சிங்கப்பூரில் புதிய ஓட்டுநருக்கு ஓராண்டும் மலேசியாவில் ஈராண்டும் தகுதிகாண் காலம். மலேசியாவில் 'எல்' என்னும் எழுத்தைக் கழற்றியவர் 'பி' என்னும் எழுத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும். மலேசியாவில் 1990களில் வேரூன்றிய ஓட்டுநர் கல்விப் பாடத்திட்டத்தின்படி, வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டு, 50 வினாக்களில் குறைந்தது 42க்குச் சரியான விடையளித்த பின்னரே கற்குநர் உரிமம் கிடைக்கிறது. அதன்பின் மேட்டில் நிறுத்திப் புறப்படுதல், வண்டியை வரம்புக்குள் நிறுத்துதல், மும்முனைத் திருப்பம் ஆகியவற்றை வளாகத்தினுள்ளும், ஓட்டத்தைச் சாலையிலும் சோதிக்கின்றனர். 1904ஆம் ஆண்டின் 5 ஷில்லிங் காகிதத்தோடு ஒப்பிட்டால், இது பெருவளர்ச்சியே.

எண்ணிக்கை உணர்த்துவது

ஆயினும் மன நிறைவு கொள்வதற்கில்லை. 2016ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் உயிரிழந்தனர். பிரிட்டனை அதிரவைத்து ஓட்டுநர் தேர்வையே பிறப்பித்த 1934ஆம் ஆண்டின் 7,343 என்னும் எண்ணிக்கையை இத்தோடு வைத்துப் பாருங்கள். அன்றைய பிரிட்டனைவிட மக்கள் தொகையில் சிறிய நாடு நம்முடையது. வண்டிகளின் பெருக்கமும் காலத்தின் இடைவெளியும் வேறுதாம். ஆனால் இறந்தோரின் வீட்டில் அழுகை ஒன்றுதான். அவ்வாண்டு நம் நாட்டில் மடிந்தோருள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பதினாறு வயதில் நாம் உரிமம் வழங்குவதும் அந்த வாகனத்திற்கே. ஐந்து முதல் இருபத்தொன்பது வயது வரையிலான உயிர்களைக் கவர்வதில் சாலை விபத்தே முதலிடம் வகிக்கிறது என்று உலக நலவாழ்வு நிறுவனமும் அறிவித்துள்ளது.

சட்டம் இயற்றுவதும் வயதை மாற்றுவதும் நாடாளுமன்றத்தின் வேலை. அவ்விவாதத்தில் இருபுறமும் நியாயமுண்டு. பேருந்து எட்டாத கம்பத்திலும் தோட்டப்புறத்திலும் வாழும் மாணவனுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று. பள்ளிக்கும் பகுதிநேர வேலைக்கும் அதுவே கால். அவனுக்கு வயதை உயர்த்திவிட்டு வேறு வழி காட்டாமற் போனால், உரிமமின்றியே அவன் சாலைக்கு வருவான். ஆகவே, வெறும் எண்ணை மாற்றுவதனால் மட்டும் எல்லாம் நிறைவேறிவிடாது.

ஆனால் சட்டத்திற்காகக் காத்திராமல் நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நியூசிலாந்து சட்டத்தால் செய்ததை ஒரு வீடு தன் விருப்பத்தால் செய்யலாம். உரிமம் கிடைத்த முதல் ஆண்டில் இரவில் வேண்டாம். பின்னிருக்கையில் நண்பன் வேண்டாம் என்னும் இரண்டு விதிகளைத் தந்தையும் தாயும் வகுத்தால் போதும். தலைக்கவசத்தை 1973லேயே நம் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால் அதன் வாரைத் தாடையின் கீழ் இறுக்கிப் பூட்டச் சொல்வது வீடும் பள்ளியுந்தான். உரிமம் பெறாத மாணவனின் மோட்டார் சைக்கிள் பள்ளிக்கு வெளியே கடையோரத்தில் நிற்பதை நாம் அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவிடுகிறோம். அந்த மௌனமும் ஒருவகை இசைவே.

வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின் மேல் கோடிழுக்கும் நாள் எந்த ஆசிரியருக்கும் வரலாகாது. அந்த நாளைச் சந்தித்தவர்கள் அதனை மறப்பதில்லை. மறுநாள் அந்த இருக்கையை வேறு மாணவனுக்குக் கொடுப்பதா, வெறுமையாகவே விடுவதா என்று தயங்கி நின்ற வகுப்பாசிரியரிடம் கேட்டால், வரலாறு கற்பிக்காததையும் அவர் கற்பிப்பார்.

உரிமத்தின் வரலாறு மூன்று வினாக்களின் வரலாறாகும். 1903இல் சட்டம் 'நீ யார்?' என்று கேட்டது. 1935இல் 'உனக்கு இயலுமா?' என்று கேட்டது. 1987இல் 'பக்குவம் வரும்வரை காத்திருப்பாயா?' என்று கேட்டது. முதலிரண்டு வினாக்களுக்கும் அலுவலகமும் தேர்வாளரும் விடை காண இயலும். மூன்றாம் வினாவுக்கு ஒவ்வோர் இளைஞனும் ஒவ்வோர் இரவும், யாரும் அருகில் இல்லாத சாலையில், தானே விடையளிக்க வேண்டியவனாகிறான்.

வலவன் என்னும் சொல்லில் நம் முன்னோர் வல்லமையை வைத்தனர். விசையைத் திருகி வண்டியை விரையச் செய்வது வல்லமையன்று. அதனை விரைவில் எவரும் கற்றுக்கொள்ளலாம். விரையக்கூடிய இடத்தில் விரையாமல் இருக்கக் கற்பதே வல்லமை. பதினாறிலோ பதினேழிலோ நம் மாணவன் உரிமத்தைக் கையில் வாங்கும்போது, அது ஒரு முடிவன்று, தொடக்கமே என்பதை அவன் உணர்வானாயின், அவன் வலவன் என்னும் பெயருக்கு உரியவனாவான். அதனை உணர்த்தும் கடமை நம்முடையது.